ஊனுண்ணிகளின் கட்குழியும் வாழ்க்கை முறையும்

விலங்கொன்று இறந்து அதன் ஊனும் தோலும் அழிந்த பின்னரும் எஞ்சி நிற்பது மண்டையோடு. அதனிடத்துக் கண் அமர்ந்திருந்த பள்ளமாகிய கட்குழியைக் கொண்டு அவ்விலங்கின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் உணரலாம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இலங்கையில் வாழும் ஊனுண்ணிகள் சிலவற்றை நோக்குக. சிறுத்தையின் கட்குழிகள் முன்னோக்கியவை. ஆதலின் இரு கண்களின் பார்வைப் புலங்களும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. பதுங்கியிருந்து பாயும் விலங்குக்குத் தூரத்தை மதிப்பிட இவ்வமைப்பு உதவுகின்றது. வெளிகளில் ஓடித் திரிந்து சிறு பிராணிகளோடு பழங்களையும் உண்ணும் நரியின் கட்குழிகள் பக்கங்களை நோக்கிச் சற்று விலகியவை. நீர்நாயின் கண்கள் தலையின் மேற்புறத்தை அணுகியிருத்தலால், உடல் நீருள் அமிழ்ந்திருக்கவும் அது வெளியே நோக்க வல்லதாகின்றது.

இவற்றால், கட்குழி வாழ்க்கை முறையை அப்படியே காட்டும் கண்ணாடி எனத் துணிதல் எளிது. ஆயினும் கட்குழியின் பின்விளிம்பு அத்துணிபைத் தடுக்கின்றது. ஊனுண்ணிகளுட் பெரும்பாலானவற்றில் அவ்விளிம்பில் எலும்பு தொடர்ச்சியற்றது. இரு எலும்பு முனைகளையும் உறுதியான நார் ஒன்று இணைக்கின்றது. கீழ்த்தாடையை மூடும் கன்னப்பொறித் தசை கண்ணுக்குப் பின்னே கிடப்பதால், அது சுருங்கும்போது கண் அசையாவண்ணம் விளிம்பு விறைப்பாயிருத்தல் வேண்டும். கண் முன்னோக்குந்தோறும் இத்தேவை மிகும் என்பர் அறிஞர் சிலர். சிறுத்தையில் அம்முனைகள் நீண்டு நெருங்குதல் இக்கொள்கைக்குப் பொருந்தும். ஆனால், சிறுத்தையளவு முன்னோக்காத கண்களையுடைய சாம்பற் கீரியின் முதிர்ந்த மண்டையோட்டில் எலும்பு வளையம் முற்றுப்பெற்றிருக்கின்றது. இதற்குக் காரணம் யாது?

விடையின் ஒரு பகுதி குலமுறையில் உள்ளது. சிறுத்தையும் கீரியும் ஊனுண்ணி வரிசையின் பூனைக் கிளையைச் சேர்ந்தவை; நரியும் நீர்நாயும் நாய்க் கிளையைச் சேர்ந்தவை. முன்னைய இரண்டிலும் எலும்பிடைவெளி சிறிது, அல்லது இல்லை. பின்னைய இரண்டும், ஒன்று நிலத்திலும் மற்றது நீரிலும் இரை தேடுவனவாயினும், அகன்ற இடைவெளியே உடையன.

எனவே, விலங்கு எவ்வாறு வாழ்ந்தது என்பதோடு எக்குலத்திற் பிறந்தது என்பதையும் கட்குழி கூறுகின்றது. அழிந்தொழிந்த விலங்குகள் பலவற்றுக்கு எலும்பே சான்று. ஆங்குக் குலத்தின் சாயலை வாழ்க்கையின் சுவடெனக் கொள்வோர், இல்லாத வேட்டையைக் கற்பித்தவராவர். ஆதலின் விலங்கியல் பயிலும் மாணவர் ஒரு மண்டையோட்டைக் கையிலெடுத்தால், அதன் உறவினத்து மண்டையோடுகளையும் அருகில் வைத்து ஒப்புநோக்கிய பின்னரே முடிபு கூறுவாராக.