ஏழாவது வில்

2014 மார்ச் 8 அன்று நள்ளிரவு கடந்தபின், 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கிப் புறப்பட்டது எம்எச்370 விமானம். ஏறத்தாழ நாற்பது மணித்துளிகளில் அது கட்டுப்பாட்டு அறையின் திரையிலிருந்து மறைந்தது. மறைந்ததே தவிர, வீழ்ந்துவிடவில்லை. அது திரும்பி மலாய்த் தீவக்குறையைக் கடந்து மேற்கே சென்றதைப் படைத்துறை ரேடார் பதிவுகள் காட்டின.

சரக்கறையில் லித்தியம் மின்கலங்கள் இருந்தமையால் தீவிபத்து என்பர் சிலர். தீப்பற்றிய விமானம் மேலும் ஏழு மணிநேரம் பறக்குமா என்பதே அக்கருத்துக்கு எதிரான வினா. அறையழுத்தம் குறைந்து அனைவரும் நினைவிழந்திருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. 2005இல் ஏதென்ஸ் அருகே ஹீலியோஸ் விமானம் அவ்வாறே வீழ்ந்தது. ஆயினும், எம்எச்370 திரும்பியது பெரும்பாலும் மனிதக் கையால்தான் என்கிறது மலேசியாவின் 2018 அறிக்கை. எவர் கை என்பதை அது கூறவில்லை.

தொடர்புக் கருவிகள் ஓய்ந்தபின்னும் செயற்கைக்கோளுடன் விமானம் ஏறத்தாழ மணிக்கொரு முறை குறிகை பரிமாறிக்கொண்டிருந்தது. குறிகை சென்றுவர எடுத்த நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கலாம். திசையை அறிய இயலாது. ஆதலால் கிடைத்தது ஒரு புள்ளியன்று, வில் போன்ற கோடு. காலை 8.19 மணிக்குரிய ஏழாவது வில் தென்னிந்தியப் பெருங்கடலில் விழுந்தது. அங்கே 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடித்தளம் துழாவப்பட்டது. கிடைத்தது எதுவுமில்லை. இறக்கையின் ஒரு பகுதி 2015 ஜூலையில், தொலைவிலுள்ள ரியூனியன் தீவில் கரையொதுங்கியது.

அதற்கு ஆறு மாதம் முன்னரே, இதனை விபத்தென மலேசிய அரசு அறிவித்திருந்தது. உறவினர் பலர் அதை ஏற்கவில்லை.