வரியைக் கட்டு, பிறகு பதிப்பி

முத்து அண்ணாமலை 2007-இல் உருவாக்கத் தொடங்கிய எழில் நிரல்மொழியில் நட்சத்திர வடிவம் அச்சிடப் பழகுகிறவர்கள் கணக்கில் சறுக்குவதில்லை. பதிப்பி என்ற கட்டளையை எங்கே வைப்பது என்பதில்தான் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு பதிப்பியும் அச்சிட்ட கையோடு அடுத்த வரிக்குப் போய்விடும். அதை உள் லூப்பில் வைத்தால் நட்சத்திரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டும், அவ்வளவுதான். உள் லூப்பின் வேலை அச்சிடுவதல்ல, ஒரு வரியைக் கட்டுவது.

திருவண்ணாமலை ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம்: 217 அடி உயரம், 11 நிலை. நிலைகளை நாம் கீழிருந்து எண்ணுவோம். திரையோ மேலிருந்துதான் எழுதும். அதனால் உச்சியையே 1 என்று வைத்து, முதல் மூன்று வரியைத் தாளில் போட்டுப் பாருங்கள். 10 வெற்றிடம், 1 நட்சத்திரம். அடுத்து 9, 3. அடுத்து 8, 5. நிலை எண்ணை 11-லிருந்து கழித்தால் வெற்றிடம். இரட்டித்து ஒன்றைக் கழித்தால் நட்சத்திரம். தாளில் இது வராமல் விசைப்பலகையைத் தொடாதீர்கள்.

@( நிலை = 1, நிலை <= 11, நிலை = நிலை + 1 ) ஆக
    வரி = ""
    @( இடம் = 1, இடம் <= (11 - நிலை), இடம் = இடம் + 1 ) ஆக
        வரி = வரி + " "
    முடி
    @( பூ = 1, பூ <= ((2 * நிலை) - 1), பூ = பூ + 1 ) ஆக
        வரி = வரி + "*"
    முடி
    பதிப்பி வரி
முடி

பதிப்பி இரண்டாவது முடிக்குப் பின், மூன்றாவது முடிக்கு முன். வரி = "" வெளி லூப்புக்குள்ளேயே இருக்க வேண்டும்; வெளியே போனால் பழைய வரியின் வாலில் புதியது ஒட்டிக்கொண்டே நீளும். மாறிகளுக்கு ஒற்றை எழுத்துப் பெயர் வேண்டாம். நிலை என்று எழுதினால் எந்த லூப்பில் நிற்கிறோம் என்பது தானே தெரியும்.

பைத்தானில் நட்சத்திரத்தை எண்ணால் பெருக்கினாலே வரி வந்துவிடுமே, உள் லூப் எதற்கு என்பார்கள். வரும்தான். ஆனால் வரிக்கு ஒருமுறை நடப்பது எது, எழுத்துக்கு ஒருமுறை நடப்பது எது என்று பிரிக்கத்தான் இந்தப் பயிற்சி. அந்தப் பிரிவு பிடிபட்டால் எந்த மொழிக்கும் மாறலாம், குறுக்குவழி அதன்பிறகு.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது: திரையில் வந்தது கோபுரமல்ல, பின்னால் நிற்கும் மலை. கோபுர உச்சி கூராக முடிவதில்லை. கலசங்கள் வரிசையாக நிற்க அங்கே அகலம் உண்டு. நட்சத்திர லூப்பில் - 1 இருக்கும் இடத்தில் + 9 போடுங்கள். முதல் வரியில் 11, கடைசி வரியில் 31. வெற்றிட லூப்பைத் தொடவே வேண்டாம்.