பாட்டு டீச்சர் பெங்களூரில், பிள்ளை கோவில்பட்டியில்

கேள்வி: எங்கள் ஊர் கோவில்பட்டி. சின்ன வயதில் நான் பன்னிரண்டு வருஷம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டேன். அதே டீச்சரிடம்தான் என் மகளும் படிக்கிறாள். பதினொரு வயது, வர்ணத்துக்கு வந்துவிட்டாள். டீச்சருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. போன வருஷம் மகன் வீட்டோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். இப்போது வாரம் இரண்டு நாள் வாட்ஸ்அப் வீடியோவில்தான் கிளாஸ். தாளம் சேரவே மாட்டேன் என்கிறது. எங்கள் சுருதிப் பெட்டி டீச்சருக்குக் கேட்கவே இல்லையாம். இடையில் மகள் இணையத்தில் தானே தேடிப் பார்க்கிறாள். ஒரே வர்ணத்துக்கு நாலு இடத்தில் நாலு விதமாக ஸ்வரம் இருக்கிறது. சுருதி காட்டுகிற ஆப் ஒன்று வைத்திருக்கிறாள். தோடி பாடினால் அது சிவப்பாகவே காட்டுகிறது, பிள்ளை அழுகிறாள். தெருப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு நானும் சரளி வரிசை சொல்லித்தருகிறேன். எதை நம்புவது, எதை விடுவது? இன்னொன்று: என் பழைய கிளாஸ் கேசட்டுகள் இருபது, அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றால் இனி ஏதாவது பயன் உண்டா?

பதில்: முதலில் பிள்ளையின் அழுகையை நிறுத்துவோம். தோடி பாடும்போது அந்த ஆப்பை மூடிவைக்கச் சொல்லுங்கள். அவள் சரியாகப் பாடுவதால்தான் அது சிவப்பாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மாதிரி ஆப்கள் ஹார்மோனியக் கட்டைகள்போல ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, குரல் அங்கே நிற்கிறதா என்று மட்டும் பார்க்கும். தோடியின் காந்தாரம் நிற்காது. புத்தகத்தில் ‘க’ என்று ஒற்றை எழுத்தாக இருப்பது, பாடும்போது ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்யமம் வரைக்கும் போய் ஆடித் திரும்பும். அந்த அசைவை எடுத்துவிட்டால் தோடியே இல்லை. காலையில் சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் நீளமாகப் பிடித்துச் சாதகம் செய்யும்போது ஆப் நல்ல துணை. அதோடு அதன் வேலை முடிந்தது.

பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் நம் சென்னை ஐஐடியும் பங்கெடுத்தது. அதில் உருவான ‘துன்யா’ என்ற தளம் கர்நாடக இசைப் பதிவுகளை ஒலிக்கவிட்டு, குரல் போகும் வழியைக் கோடாக வரைந்து காட்டும். முடிந்தால் ஒரு தோடியை அதில் மகளுக்குக் காட்டுங்கள். பெரிய வித்வான்களின் காந்தாரமும் அலைபோல ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவளுக்குத் தைரியம் வந்துவிடும்.

அடுத்து கிளாஸ். 2020 ஊரடங்கில் நானும் இதே சிக்கலில் மாட்டி, பல வாரம் பிள்ளைகளைத்தான் கடிந்துகொண்டிருந்தேன். தப்பு அவர்களிடம் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். வீடியோவில் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் என்றாலே, டீச்சர் 34 மீட்டர் தள்ளி நின்று பாடுவதற்குச் சமம். போகவும் வரவும் சேர்த்தால் இரட்டிப்பு. டீச்சர் அங்கே தட்டும் தாளத்துக்கு உங்கள் மகள் எவ்வளவு கச்சிதமாகப் பாடினாலும், அது அவர்கள் காதில் பிந்தித்தான் விழும். அதனால் சேர்ந்து பாடுவதை அடியோடு விட்டுவிடுங்கள். டீச்சர் ஓர் ஆவர்த்தனம் பாடட்டும், பிள்ளை வாய்மூடிக் கேட்கட்டும். பிறகு பிள்ளை தன் கையில் தாளம் போட்டுத் தனியே பாடட்டும். டீச்சர் தாளம் போடாமல் கேட்டுத் திருத்தட்டும். நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் டீச்சரின் குரலைப் பிடித்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது என்பதால் பிள்ளைக்குக் காலப்பிரமாணம் சீக்கிரமே கைக்கு வரும். என் மாணவிகளிடம் இதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

சுருதி கேட்காததற்குக் காரணம் வேறு. இந்த வீடியோ அழைப்புச் செயலிகள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. இடைவிடாமல் ஒரே மாதிரி வருகிற ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். நம் தம்புரா அதற்கு இரைச்சல்! ஜூமுக்கு மாறி, அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளுங்கள். தம்புரா ஆப்பை இரு வீட்டிலும் ஒரே கட்டையில் வையுங்கள். தாளத்தைப் போல சுருதிக்குத் தாமதம் ஒரு பொருட்டில்லை. எப்போது வந்தாலும் அதே சட்ஜமம்தான். மகளுக்கு ஐந்து கட்டை என்றால் ஆப்பில் அது ‘ஜி’. ஐந்தரை ‘ஜி ஷார்ப்’.

இனி நாலு விதமான ஸ்வரத்துக்கு வருவோம். நாலும் தப்பாக இருக்க வேண்டியதில்லை, நாலு குரு வழியில் வந்த நாலு பாடாந்தரமாக இருக்கலாம். சிவ்குமார் கல்யாணராமனின் தளத்தில் வர்ணங்களும் கீர்த்தனைகளும் ஸ்வரக் குறிப்போடு, சொல்லித்தரும் ஒலிப்பதிவோடு கிடைக்கின்றன. மறந்த இடத்தை நினைவுபடுத்திக்கொள்ள எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் பலர் அங்கேதான் போகிறார்கள். நீங்களும் போகலாம். மகள் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அவள் காதில் ஒரு வழி முழுசாக உட்கார்ந்த பிறகு மற்ற மூன்றைக் கேட்டால் அதனதன் அழகு தெரியும். உட்காருவதற்கு முன்னால் கேட்டால், இங்கே ஒரு சங்கதியும் அங்கே ஒரு சங்கதியுமாக ஒட்டுப்போட்ட பாட்டுதான் மிஞ்சும்.

எழுத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு பெரியவர் இருந்தார். எட்டயபுரம் சமஸ்தான வித்வான் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதர் குடும்பத்தின் பாட்டுச் செல்வத்தை ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்று 1904-இல் எட்டயபுரத்திலேயே தெலுங்கில் அச்சிட்டார். ச ரி க ம என்று எழுதினால் போதாது என்று அறிந்தவர். அதனால் கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, வளி என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குறி வைத்து, ஸ்வரத்தின் தலையில் ஏற்றினார். அந்த நூல் முழுதும் ஆங்கில மொழிபெயர்ப்பாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் மியூசிக் அகாடமி அச்சில் கொண்டுவந்திருக்கிறது. இத்தனை குறி இருந்தும், குருமுகமாகக் கேட்டவருக்குத்தான் அந்தக் குறி பேசும். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரத்துக்குப் போய், முத்துசுவாமி தீட்சிதர் சமாதியில் அவளை ஒரு கீர்த்தனை பாடச் சொல்லுங்கள். பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது!

சாகித்தியத்துக்கு ஒரு தளத்தை மனமார சிபாரிசு செய்வேன்: ‘தியாகராஜ வைபவம்’. தெலுங்குக் கீர்த்தனையைத் தமிழில் எழுதிப் பாடுகிற நமக்கு, ககரம் நாலும் ஒரே எழுத்து. அங்கே க, க2, க3, க4 என்று எண் போட்டு உச்சரிப்பைப் பிரித்திருக்கிறார்கள். பதம் பிரித்துப் பொருளும் சொல்கிறார்கள். மகள் கீர்த்தனைக்கு வரும்போது, பாடம் தொடங்குமுன் அதைப் படித்துவிட்டு உட்காரட்டும். பதத்தை நடுவில் உடைத்துப் பாடுகிற பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

நீங்கள் சொல்லித்தரும் ஐந்து பிள்ளைகளுக்கு ஸ்வரம் காட்டும் தளம் ஒன்றுகூட வேண்டாம், நீங்களே போதும். அவர்கள் காதைத் திறக்க மட்டும் இணையத்தைப் பயன்படுத்துங்கள். ‘ராகசுரபி’ தளத்தில் ஒரு ராகத்தைச் சினிமாப் பாட்டோடும் கீர்த்தனையோடும் சேர்த்துக் கேட்கலாம். ஜெயா டிவியில் சாருலதா மணி நடத்திய ‘இசைப் பயணம்’ பகுதிகள் யூடியூபில் இருக்கின்றன. தேவாரத்துக்கு சைவம் டாட் ஆர்க். ஓதுவார்கள் பாடக் கேட்டுப் பிள்ளைகள் பண்ணோடு பாடட்டும். தமிழில் சொல் தெளிவாக வாயில் வரும், பொருளும் புரியும், சின்னப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பலம்!

கேட்பதற்கென்றே தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இதில்தான் இணையம் நம் தலைமுறைக்குக் கிடைக்காத வரம். நாகஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலம் உங்கள் ஊரில் வாழ்ந்தவர். ‘கொஞ்சும் சலங்கை’ படத்துப் பாட்டு ஒன்றோடு அவரை நிறுத்திக்கொண்டவர்கள்தான் அதிகம். 1964-இல் மறைந்த அவருடைய நாகஸ்வரக் கச்சேரிப் பதிவுகள் இன்று யூடியூபில் கிடைக்கின்றன. ரசிகர்கள் லாபநோக்கின்றி நடத்தும் ‘சங்கீதப்ரியா’வில் பழைய கச்சேரிகள் கொட்டிக் கிடக்கின்றன. அந்தக் கோவில்பட்டிக்காரரின் ராக ஆலாபனையை மகள் கண்ணை மூடிக் கேட்கட்டும். நாகஸ்வரத்தில் வார்த்தை இல்லை, அசைவு மட்டும்தான். கமகம் என்றால் என்ன என்று நான் விளக்குவதைவிட அது நன்றாக விளக்கும். வேகமான இடம் பிடிபடவில்லை என்றால் யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறையுங்கள். சுருதி மாறாது.

கேசட்டுகளைக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன எல்லாத் தளங்களையும்விட உங்கள் வீட்டுக்கு அவை முக்கியம். மகளுக்கு வேண்டிய பாடாந்தரம், உங்கள் டீச்சரின் நடுவயதுக் குரலில், வேறெங்கும் இல்லாமல் அந்தப் பெட்டியில் மட்டும் இருக்கிறது. இந்த மாதமே எடுங்கள். நாடா வெள்ளை பூத்திருந்தால் போட்டுப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை முதலில் ஒருமுறை முழுதும் ஓட்டித் திருப்பிச் சுற்றிக்கொள்ளுங்கள். பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஒயரைக் கணினிக்குக் கொடுத்து, ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். முதல் பிரதியை எம்பி3-ஆகச் சுருக்காமல் ‘வேவ்’ கோப்பாகவே வைத்து, இரண்டு இடத்தில் சேமியுங்கள். நடுவில் டீச்சர் திட்டுவதும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் இருக்கும்; வெட்ட வேண்டாம். எந்த இடத்தில் நிறுத்தி, என்ன சொல்லித் திருத்தினார்கள் என்பதும் பாடம்தான்.

பழைய பிளேயர்கள் வேகம் கூடியோ குறைந்தோ ஓடும், சுருதி கால் கட்டை தள்ளிப் போயிருக்கும். ஆடாசிட்டியிலேயே அதைச் சரிசெய்யலாம், ஆனால் அசல் சுருதி தெரிய வேண்டும். அந்த நாட்களில் உங்கள் கிளாஸ் எத்தனை கட்டையில் நடந்தது என்று இன்றைக்கே டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டு, பெட்டியின்மேல் எழுதிவையுங்கள்.