மீன் உடம்பில் நூல்போல் தொங்குவது என்ன?

கேள்வி: வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் தங்கமீன்கள் வளர்க்கிறோம். தவளைகளும் தாமாகவே வந்து முட்டையிடுகின்றன. சில மீன்களின் உடலில் வெள்ளை நூல்போல் ஏதோ தொங்குகிறது. குளத்தில் மருந்து ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் நங்கூரப் புழு. பெயர்தான் புழு, உண்மையில் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி. பெண் ஒட்டுண்ணி தலையை மீனின் சதைக்குள் புதைத்துக்கொண்டு, வால் பக்கத்தில் இரண்டு முட்டைப் பைகளோடு வெளியே தொங்கும். கோடை வெப்பத்தில் 3, 4 வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். அதைக் கொல்லும் பூச்சிமருந்து தலைப்பிரட்டைகளையும் தட்டான் குஞ்சுகளையும் சேர்த்தே அழித்துவிடக்கூடும். உப்பும் அப்படித்தான்; மீன் தாங்கும் அளவைத் தலைப்பிரட்டை தாங்காது.

ஆகவே மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஈரத்துணியில் மீனைப் பிடித்து, புழுவை அது நுழைந்த இடத்துக்கு ஒட்டி இடுக்கியால் பற்றி மெதுவாக இழுங்கள். தலை உள்ளே அறுந்துபோனால் புண் சீழ் பிடிக்கும். தொட்டியில் லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு போட்டால் காயம் ஆறத் துணைசெய்யும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், மிதக்கும் குஞ்சுகள் வெளியேறும். ஒரு மாதமாவது கவனித்து, புதிதாகத் தெரிபவற்றையும் எடுங்கள். இந்தப் புழு தலைப்பிரட்டைமேலும் ஒட்டக்கூடியது. மீன்களைக் குளத்தில் திரும்ப விடும் முன் தலைப்பிரட்டைகளையும் பாருங்கள்.

இனி கடையில் வாங்கும் மீனையும் நீர்ச்செடியையும் சில வாரம் தனியே வைத்திருந்த பிறகே குளத்தில் விடுங்கள்.