பழமனை புதுக்குதல்

வீடு என்னுஞ் சொல் விடு என்னும் அடியாகப் பிறந்தது. தொழிலை விட்டு வந்து தங்குமிடம் என்பது அதன் பொருளென்பர். தலைமுறை பல தங்கிய மனை பழுதுற்றால் அதனை இடித்துக் கட்டுவதோ, உள்ளவாறே புதுக்குவதோ? பூவராகப் பெருமாள் கோயிலாற் புகழ்பெற்ற ஸ்ரீமுஷ்ணம் முதலிய நம் பக்கத்துக் கோயிலூர்களில் ஓட்டு வீடுடையார் முன் நிற்கும் வினா இது. இதனை ஒருவாறு ஆராய்வாம்.

மனையின் இயல்பு தோற்றத்தில் மட்டும் அமைவதன்று. அதன் உறுப்புக்கள் செய்யுந் தொழிலிலும் அமைவது. திண்ணை வழிப்போக்கர்க்கு நிழல் தரும். முற்றம் ஒளியை உள்ளே விடுத்து, வெப்பக் காற்றை மேலே போக்கும். தாழ்வாரம் மழைச் சாரலைத் தடுக்கும். தூண்களை மெருகிட்டு முற்றத்தை அடைத்துவிடின், கண்ணுக்குப் பழமை தோன்றுமேயன்றி வீட்டினுள் காற்று உலவாது.

சுவர்க்கும் இஃது ஒக்கும். பண்டைக் கொத்தர் சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் கலந்து காரை அமைத்தனர். அக்காரை, செங்கல் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடும். அதன்மேற் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபடும்; அதனோடு வந்த உப்புப் பூத்துச் செங்கல்லை உதிர்க்கும். வலிமை கருதிச் செய்தது கேடாய் முடியும்.

பழமை கெடாது புதுக்கல் இயலுமோ எனின், கொள்ளிடத்தின் தென்பால் உள்ள தரங்கம்பாடி சான்றாகும். 1620-இல் டேனியர் கோட்டை எழுப்பிய அவ்வூரில், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், இன்டாக் என்னும் மரபுக்காப்புச் சங்கத்தார் கோல்ட்ஸ்மித் வீதியில் திண்ணையுடைய தமிழ் வீடுகள் சிலவற்றைப் பழைய வடிவிலேயே செப்பனிட்டனர். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் இல்லமும் புதுக்கப்பெற்று, 2017-இல் காட்சிச்சாலையாயிற்று.

காட்சிச்சாலைக்கு ஆவது குடியிருப்போர்க்கு ஆகுமோ, மின்விளக்கும் குளியலறையும் இன்றி வாழ்தல் ஒண்ணுமோ என்பாருளர். வேண்டுவன சேர்த்தல் தவறன்று. 1964-இல் வெனிசு நகரிற் கூடிய அறிஞர் வகுத்த நெறி, புதிதாய் இட்ட உறுப்பு முழுமையோடு இயைதலும் வேண்டும், பழையதினின்று பிரித்தறியப்படுதலும் வேண்டும் என்கின்றது. ஆகவே குளியலறையைக் கொல்லைப்புறத்தே தனியே கட்டலாம். மின்கம்பியைச் சுவரைக் குடையாது அதன் மேலேயே கொண்டுசெல்லலாம். செல்லரித்த உத்திரத்தை மட்டும் மாற்றி, நல்லவற்றை நிலைநிறுத்தலாம்.

செலவு மிகுதல் கூடும். காரை வேலை அறிந்த கொத்தரும் அருகி வருகின்றனர். எனினும், வேலை கொடுப்பார் உளராயின் அன்றோ அத்தொழில் பிழைக்கும்? ஆதலின் பழமனை உடையோர் முதலிற் கூரையின் ஒழுக்கை அடைத்து, பின்னர்ச் சுவரைத் தொடுவாராக. இடித்தலை எந்நாளுஞ் செய்யலாம். இடித்ததனை மீட்டல் ஒருநாளும் இயலாது என்பதே நாம் கூறத்தக்கது.