தாடையோடு நின்றால் பத்திரம்

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில் மேடவாக்கம் கூட்டுரோட்டைச் சுற்றிப் பார்த்தால், பேக்கரிக்கு மேல்மாடி, ஜவுளிக்கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டு என்று இடுக்கு விடாமல் தோல், முடி, லேசர் கிளினிக் போர்டுகள் தெரியும். சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் பக்கம் ஐடி வேலைக்குப் போகிறவர்கள் நிறையக் குடியிருக்கும் பகுதி இது. மேஜைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கேமரா கீழிருந்து மேலாகக் காட்டும் தன் முகத்தையே தினம் பல மணி நேரம் பார்க்க வேண்டிய வேலை. அந்தக் கோணத்தில் ஒல்லியானவருக்கும் தாடைக்கடியில் ஒரு மடிப்பு விழும். ‘டபுள் சின்’ எடுக்க ஆள் வருவதில் அதிசயம் எதுவும் இல்லை. வருகிறவர்களுக்குச் சொல்லப்படுவதும் ஒன்றேதான்: ஒரு மணி நேர வேலை, மரப்பு ஊசிதான், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். இது பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு இது முழு உண்மை. அந்த நிபந்தனைகளை யாரும் போர்டில் எழுதுவதில்லை என்பதுதான் என் பிரச்சினை. தாடைக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது சின்ன சிகிச்சையாக இருக்கும் வரை பத்திரமானது. ‘சின்னதுதானே’ என்ற நினைப்பிலேயே அதைப் பெரிதாக்கிவிடுகிறார்கள் என்பதுதான் ஆபத்து.

முதல் நிபந்தனை, அங்கே இருப்பது எடுக்கக்கூடிய கொழுப்பாக இருக்க வேண்டும். கழுத்தின் முன்பக்கத்தைப் போர்வை போல மூடியிருக்கும் மெல்லிய தசைக்கு பிளாட்டிஸ்மா என்று பெயர். அதற்கு மேலே, தோலுக்கு அடியில் ஒரு கொழுப்புப் படலம். தசைக்கு உள்ளே இன்னொன்று. குழாய் விட்டு உறிஞ்சும்போது வருவது மேலே இருப்பது மட்டும். எது எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க ஸ்கேன்கூடத் தேவையில்லை. தாடைக்கடியில் இருக்கும் சதையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கிற மாதிரி பல்லைக் கடித்து உதட்டின் ஓரங்களைக் கீழே இழுக்கச் சொல்வார் தெரிந்த மருத்துவர். தசை இறுகும்போதும் சதை விரலுக்குள் அப்படியே நின்றால் கொழுப்பு மேலே இருக்கிறது. விரலை விட்டு நழுவி மெலிந்துபோனால் சரக்கு உள்ளே இருக்கிறது. உறிஞ்சுகுழாயால் பலன் குறைவு. அடுத்து தோலை இழுத்து விட்டுப் பார்ப்பார். சட்டென்று திரும்பினால் சரி. மெல்ல மெல்லத் திரும்பும் தோலுக்கடியில் கொழுப்பை எடுத்தால் காலிப் பை மாதிரி தொங்கும். ஊசி போட்டோ உணவைக் குறைத்தோ வேகமாக எடை குறைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு மிச்சமிருப்பது பெரும்பாலும் தோல்தான்.

பக்கவாட்டில் நிற்கவைத்துப் பார்ப்பதும் முக்கியம். கீழ்த்தாடை எலும்பு சற்று உள்வாங்கியிருந்தாலோ, குரல்வளைக்கு மேலுள்ள சின்ன எலும்பு தாழ்ந்து அமைந்திருந்தாலோ, துளிக் கொழுப்பு இல்லாதவருக்கும் கழுத்தும் தாடையும் ஒன்றாகத் தெரியும். பரம்பரையாக ‘எங்க வீட்டு முகவெட்டே இப்படித்தான்’ என்பவர்களில் பலர் இந்த ரகம். அவர்களிடமிருந்து கொழுப்பை எடுத்து என்ன பயன்? தண்ணீர் விழுங்கச் சொல்லித் தைராய்டு மேலும் கீழும் போகிறதா என்று பார்க்க வேண்டும். தாடைக்கடியில் நெறிகட்டியா, உமிழ்நீர்ச் சுரப்பி தொங்குகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷ வேலை. இந்தப் பத்து நிமிஷம் நடக்காமல், கழுத்தில் கையே வைக்காமல் கவுன்சிலிங் பெண் விலைப்பட்டியலை நீட்டுகிற இடத்தை அங்கேயே கழித்துவிடலாம்.

இரண்டாவது நிபந்தனை மருந்தின் அளவு. இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கொழுப்பை உறிஞ்சும் முறை 1970களில் ஐரோப்பாவில் தொடங்கியபோது ரத்த இழப்பு பெரிய தலைவலியாக இருந்தது. 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன், உப்புநீரில் லிக்னோகெய்ன் மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் மிக நீர்க்கக் கலந்து கொழுப்புக்குள் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இடம் மரத்துப்போகும், ரத்தக் குழாய் சுருங்கும், ஆள் விழித்திருக்கும்போதே வேலை முடியும். இன்றைய பாதுகாப்பு பெரும்பாலும் இதனால் வந்தது. வழக்கமாக அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்னுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது உச்சவரம்பு. கிளைன் 1990இல் தன் நீர்த்த முறைக்கு 35 மில்லிகிராம் வரை போகலாம் என்று காட்டினார். 60 கிலோ எடையுள்ளவருக்குப் பழைய வரம்பே 420 மில்லிகிராம் ஆகிறது. தாடைக்கு 0.1 சதவீதக் கரைசல் 100 மில்லி செலுத்தினால் மருந்து 100 மில்லிகிராம்தான். ஆக எந்த வரம்பையும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தாடை சிகிச்சை பத்திரமானது என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

ஆனால் அதே மேஜையில் ‘வந்ததுதான் வந்தீர்கள், கையையும் வயிற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம், பேக்கேஜில் குறையும்’ என்று ஒரு வார்த்தை விழுகிறது. அதே செறிவில் 3 லிட்டர் உள்ளே போனால் 3,000 மில்லிகிராம். அதே 60 கிலோ உடலுக்குக் கிளைனின் 35 மில்லிகிராம் வரம்பு 2,100இல் முடிந்துவிடுகிறது. இப்படிப் பெரிய அளவில் செலுத்திய மருந்து கொழுப்பிலிருந்து மெல்லத்தான் ரத்தத்துக்கு வரும். ரத்தத்தில் அது உச்சத்தைத் தொடுவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகலாம், அதாவது ஆள் வீட்டுக்குப் போய்த் தூங்குகிற வேளையில். திரவ ஏற்ற இறக்கம், நுரையீரலில் நீர் கோப்பது, கொழுப்புத் துணுக்கு ரத்தத்தில் போய் அடைப்பது எல்லாமே அளவு கூடக்கூடக் கூடும் அபாயங்கள். தாடைக்கு என்று சொல்லப்பட்ட பாதுகாப்பு வயிற்றுக்குச் செல்லாது.

மூன்றாவது, விழித்திருப்பது. ‘பயமாக இருந்தால் லேசாகத் தூங்க வைக்கிறோம்’ என்பது ஆறுதலாகக் கேட்கும். தாடை தடித்தவர்களில் கணிசமானோர் குறட்டை விடுகிறவர்கள். சிலருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். இப்படிப்பட்டவரை மல்லாக்கப் படுக்கவைத்து நரம்பு வழியாகத் தூக்க மருந்து கொடுத்தால் நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரியும். மூச்சுப்பாதை இருக்கும் அதே கழுத்தில்தான் மருத்துவரின் கையும் இருக்கிறது. ஆகவே தூங்க வைப்பதானால் மயக்கவியல் மருத்துவர் முதல் நிமிஷத்திலிருந்து கடைசி நிமிஷம் வரை தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி, மூச்சுக்குழாய் போடும் வசதி எல்லாம் அதே அறையில் இருக்க வேண்டும். 2016 மே மாதம் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன 22 வயது மருத்துவ மாணவர் இரண்டு நாளில் இறந்தார். அந்த மையத்துக்கு இருந்தது அழகு நிலைய உரிமம்தான் என்றும், மயக்க மருந்து கொடுத்தவர் பாதியில் கிளம்பிவிட்டார் என்றும் அப்போது செய்திகள் வந்தன. முடி நடுவதைவிடச் சின்ன வேலை எது?

2022 மே 16 அன்று பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், வயது 21, கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குக் காலையில் போய்ச் சேர்ந்தார். மாலையில் மூச்சுத் திணறி, அங்கிருந்து இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரிழந்தார். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வயிற்றுக் கொழுப்பை எடுத்துக்கொண்ட மென்பொருள் பொறியாளர் ஒருவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கை, கால் விரல்களில் ஒன்பதை இழந்தார்.

இதில் ஒன்றுகூட தாடை சிகிச்சை இல்லையே, வீணாகப் பயமுறுத்துகிறீர்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாடையில் மட்டும், மரப்பு ஊசியில் மட்டும் செய்தவர்களுக்கு உயிராபத்து மிக அரிது என்பதை நான் மறுக்கவில்லை. மேலே சொன்ன சம்பவங்கள் காட்டுவது வேறு ஒன்றை. அந்த மூவரும் பெரிய அறுவைக்குப் போகிறோம் என்று நினைத்துப் போனவர்களாகத் தெரியவில்லை. உடம்பில் கோளாறு வந்ததைவிட, வந்தபோது அந்தக் கட்டடத்தில் அதைச் சமாளிக்க என்ன இருந்தது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கழுத்தில் சின்ன ரத்தக் குழாய் ஒன்று கசிந்து உள்ளே கட்டிக்கொண்டால் மூச்சுப்பாதையை அழுத்தும். அரிதுதான், ஆனால் நேரம் தராது. மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கோ பள்ளிக்கரணைக்கோ பெரிய மருத்துவமனை தூரமில்லை என்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது என்று தெரியும்.

அப்படியானால் பெரிய மருத்துவமனை என்றாலே பத்திரமா என்றால், அதுவும் இல்லை. 2024 ஏப்ரலில் பம்மலில் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவைக்குப் படுத்த 26 வயதுப் புதுச்சேரி இளைஞர், அறுவை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நிலைகுலைந்தார். வேறு மருத்துவமனைக்கு மாற்றியும் மறுநாள் இறந்தார். விசாரணைக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அது தாடை வேலையோடு ஒப்பிட முடியாத பெரிய அறுவை. ஆனாலும் ‘ஆஸ்பத்திரி’ என்ற பெயர்ப்பலகை பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்வது போதாது என்பதற்குச் சொல்கிறேன். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒவ்வொரு கிளினிக்கும் பதிவுச் சான்று வைத்திருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். மருத்துவரின் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவில் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவரா, தோல் மருத்துவர் என்றால் இதில் முறையாகப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். அழகு சிகிச்சையை ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்தோ யூடியூப் பார்த்தோ கற்றுக்கொண்டு செய்யக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுத வேண்டிய நிலை வந்ததே போதாதா?

கத்தியே வேண்டாம், கொழுப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறதே என்பது அடுத்த வாதம். டீஆக்ஸிகோலிக் அமில ஊசிக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2015இல் இதே தாடைக் கொழுப்புக்காகத்தான் அனுமதி கொடுத்தது. ஒரு மாத இடைவெளியில் 6 முறை வரை, ஒரு முறைக்கு 50 குத்து வரை. அதன் சோதனைகளிலேயே நூற்றுக்கு நான்கு பேருக்கு உதட்டை இழுக்கும் நரம்பு தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டது. குளிரூட்டிக் கொழுப்பை உறையவைக்கும் கருவி சிலருக்குக் கொழுப்பைக் குறைப்பதற்குப் பதில் கட்டியாக வளர்த்துவிடும். மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021இல் தனக்கு நேர்ந்ததை வெளியே சொன்ன பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. இவை மோசம் என்று நான் சொல்லவில்லை, இவையும் மருத்துவம் என்கிறேன். அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிற நாற்காலியில் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை.

‘உடம்பைக் குறைத்தால் தானாகப் போய்விடும், இதெல்லாம் வேண்டாத வேலை’ என்று உபதேசிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. எடை குறைந்தாலும் தாடைக்கடியில் பிடிவாதமாக நிற்கும் கொழுப்பு உண்டு. அது உறுத்துகிறது என்றால் எடுத்துக்கொள்ள அவரவருக்கு உரிமை உண்டு. எடை நிலையாக வந்த பிறகு செய்வது நல்லது என்பதோடு என் உபதேசம் முடிகிறது.

செய்துகொள்கிறவர்கள் சாயங்காலம் வீடு என்பதை மறுநாள் ஆபீஸ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீக்கமும் கன்னிப்போன நிறமும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். தாடையைச் சுற்றிப் பட்டை கட்ட வேண்டும். தொட்டால் மரத்த மாதிரியும் உள்ளே கட்டிகட்டியாகவும் வாரக்கணக்கில் தெரியும். உண்மையான வடிவம் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போய் நிற்கிறவர்களை நல்ல மருத்துவர் திருப்பி அனுப்புவார். கீழுதட்டை இறக்கும் நரம்பு தாடை ஓரத்தை ஒட்டி ஓடுவதால், சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணலாவது நடக்கக்கூடியது. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆசைப்பட்டு ஒரேயடியாக உறிஞ்சச் சொன்னால் நடுவில் பள்ளம் விழுந்து இருபக்கமும் தசைப்பட்டை துருத்தும். அதைச் சரிசெய்வது முதல் சிகிச்சையைவிடப் பெரிய வேலை. மூச்சு முட்டினாலோ, கழுத்து ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கினாலோ கிளினிக்குக்கு வாட்ஸ்அப் போட்டுக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மற்ற சிகிச்சைகளைப் போல ஜி.எஸ்.டி. விலக்கு கிடையாது, 18 சதவீதம் உண்டு. மருத்துவக் காப்பீடும் பொதுவாக இதை ஏற்பதில்லை. ‘பில் வேண்டாம், வரியைக் குறைத்துவிடுகிறேன்’ என்றால் சம்மதிக்காதீர்கள். நாளை நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் கையில் இருக்கப்போவது அந்த ரசீதுதான்.

கடைசியாக ஒப்புதல் படிவம். ஒரு பரிசோதனைக்குச் சம்மதித்த பெண், மயக்கத்தில் இருக்கும்போதே அவரது தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றிய சமீரா கோலி வழக்கில், ஒன்றுக்குக் கொடுத்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. ஆகவே அச்சடித்த படிவத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். ‘தாடைக்குக் கீழே மட்டும், மரப்பு ஊசியில் மட்டும்’ என்று உங்கள் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டு, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி எழுத விடாத இடத்தில் படுக்காதீர்கள்.