விடை சொல்லும் முன் உள்ளீட்டைச் சோதியுங்கள்

மாணவர்களே, ‘ஆர்’ என்பது புள்ளியியல் கணக்குகளுக்காக உருவான நிரல்மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரோஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் இதை உருவாக்கினார்கள். இதன் 1.0.0 பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இம்மொழியில் உடல் எடைக் குறியீட்டைக் கணக்கிட ஒரு செயற்கூறு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். தவறான உள்ளீடு வந்தால் என்ன ஆகும்?

எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால், ஆர் தானாகவே நின்றுவிடும். உயரத்தை 1.60 என்று தராமல் 160 என்று சென்டிமீட்டரில் தந்தால் நிற்காது. 48 கிலோ எடைக்கு 18.75 வர வேண்டிய இடத்தில் 0.001875 வரும். இது தவறு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. நான்கு பேரின் எடையைத் தந்து, இரண்டே உயரங்களை, 1.50, 1.60 என்று தந்துவிட்டீர்கள். ஆர் எச்சரிக்காது; அந்த இரண்டு உயரங்களையே திரும்பப் பயன்படுத்தும். மூன்றாமவரின் எடை 48, உண்மை உயரம் 1.70 என்றால் விடை 16.6. ஆனால் 1.50-ஆல் கணக்கிட்டு 21.3 என்று காட்டும். மெலிந்த மாணவர் பட்டியலில் நல்ல எடையுடன் தெரிவார். அவருக்குக் கவனிப்பு தேவை என்பதே மறைந்துபோகும்.

இதைத் தடுக்க, ஆரில் ‘ஸ்டாப்இஃப்நாட்’ என்ற செயற்கூறு உள்ளது. உங்கள் செயற்கூற்றின் முதல் வரியிலேயே அதற்கு மூன்று நிபந்தனைகளைக் கொடுங்கள்:

1. எடை, உயரம் இரண்டும் எண்களாக இருக்க வேண்டும்.
2. இரண்டிலும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும்.
3. ஒவ்வோர் உயரமும் 0.5-க்கும் 2.5-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

ஒரு நிபந்தனை பொய்யானாலும் கணக்கு நின்றுவிடும்; எது பொய்த்தது என்ற செய்தியும் வரும். ஓர் உயரம் விடுபட்டு ‘என்ஏ’ என்றிருந்தாலும், மூன்றாம் நிபந்தனை உண்மையாகாததால் கணக்கு தொடராது. 4.0.0 பதிப்பிலிருந்து அந்தச் செய்தியை உங்கள் சொற்களிலேயே எழுதலாம்.

ஆனால் 1.56-ஐ யாராவது 1.65 என்று மாற்றித் தட்டினால் எந்த நிபந்தனையும் அதைக் கண்டுபிடிக்காது. அளந்தவர்தான் சரிபார்க்க வேண்டும்.

முயன்று பாருங்கள்: 100-க்குப் பெற்ற மதிப்பெண்களின் சராசரியைக் காணும் செயற்கூற்றுக்கு என்னென்ன நிபந்தனைகள் வைப்பீர்கள்? பட்டியலே காலியாக இருந்தால்?